கல்வெட்டில் ஏறாத பேன்

மச்சான்,

உன்னுடைய கல்வெட்டு என் மடியில் கிடக்கிறது. அதில் சென்ட் மணக்கிறது. கனடாவிலிருந்து வந்த உன் மகன், அச்சகத்தில் எடுத்த கட்டுகளைத் தன் சூட்கேசுக்குள் உடுப்புகளோடு வைத்திருந்தானாம். ஆயுளுக்கும் நீ ஒரு நாள்கூட இப்படி மணந்ததில்லை. இன்றைக்கும் மூன்றாம் பக்கம் திருப்பும்போதே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து இருந்து இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிற கடிதம். உனக்கு வாசிக்கவே தெரியாது என்பது எனக்கு வசதி.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற புத்தகம்தானே கல்வெட்டு. முன்னுக்குப் பிள்ளையார், பிறகு தேவாரம், அதற்குப் பிறகு செத்தவரின் சரித்திரம், கடைசியில் பெண்சாதி புலம்பல், பிள்ளைகள் புலம்பல். புலம்பலை வீட்டுக்காரர் எழுதுவதில்லை. எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதுவிப்பார்கள். ஊரில் எந்தக் கள்ளனும் முப்பத்தோராம் நாள் உத்தமனாகிவிடுவான். எல்லாருக்கும் தெரிந்த பொய், ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. நானும் எத்தனை கல்வெட்டை வாங்கி, சோறும் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவன். ஆனால் உன்னையுமா?

அட்டையில் உன் படம். உன் கோட்டைக் காணவில்லை. நிவாரணச் சாமானுக்குள் வந்த, பொம்பிளைப் பொத்தான் வைத்த, கறுத்தக் கம்பளிக் கோட்டு. வன்னி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டுதான் நீ கலியாண வீடுகளுக்குப் பாடப் போவாய். பக்கத்தில் இருந்து டொல்கி அடித்த எனக்கல்லவா தெரியும் அதன் நாற்றம். அதைக் கொம்பியூட்டரில் கழற்றிவிட்டுப் பட்டுச் சால்வை போர்த்து, நெற்றியில் மூன்று குறி இழுத்து, வெற்றிலைக் காவிப் பல்லைப் பாலில் தோய்த்த மாதிரி வெள்ளையாக்கி வைத்திருக்கிறார்கள். நான் முதலில் யாரோ கலியாணத் தரகர் என்று நினைத்தேன்.

உள்ளே, “இளமையிலேயே பண்ணிசையில் நாட்டம் கொண்டு” என்று கிடக்கிறது. சரித்திரம் எழுதிய பள்ளிக்கூட அதிபர், அதுதான் பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாரே, அவர், உனக்குக் குரு யாரென்று என்னிடம் கேட்டார். நான் உள்ளதைத்தான் சொன்னேன். தண்ணீர் இறைக்கிற மெசின் முதற் குரு. அதன் சத்தத்துக்குத்தான் நீ முதலில் தாளம் பிடித்தாய். பிறகு செத்தவீட்டில் மாரடித்து அழுகிற கிழவிகள். ரேடியோவில் வந்த சிங்கள பைலாப் பாட்டுக்காரர். கோயிலில் விடிய விடியக் கூத்தாடிவிட்டுத் தொண்டை கட்டின அண்ணாவியார். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் சீலை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, விலை சொல்லும்போதும் பாடிப் பாடிச் சொன்ன முஸ்லிம் நானா.

அந்த நானா உனக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? “தம்பி, பாட்டும் சீலையும் ஒண்டு. கசக்கிப் பாக்காமல் எடுக்காதே.” நீ அதை மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

அதிபர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டார். ஒரு சொல் எழுதவில்லை.

உன்னுடைய காதல் பாட்டுகள் எனக்கும் அருவருப்புத்தான், அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். விசுவமடுவில் ஒரு கலியாணம். பந்தி போடுகிற நேரம். நீ மைக்கைப் பிடித்தாய்.

“மாப்பிள்ளை, விடிய எழும்பினால் பொம்பிளையின்ர வாய் மணக்கும். உன்ர வாயும் மணக்கும். அதைத் தாங்குவியோ எண்டு ஐயர் கேக்கேல்லை. நான் கேக்கிறன்.”

பிறகு குறட்டை, தேமல், காற்பித்த வெடிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாடினாய். பொம்பிளையின் தகப்பன் சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்தார். நான் டொல்கியைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு ஓடினேன், நீ கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு வந்தாய். பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கினபோது என் வயிறு கத்தியது.

“உன்னால சோறும் போச்சு, மச்சான்.”

“சோறு கிடக்கட்டும். அந்தப் பெட்டை சிரிச்சவள், கண்டனியோ?”

“சிரிக்கேல்லை. ஓங்காளிச்சவள்.”

“பூவெண்டு பாடுறவன் தூரத்தில நிக்கிறவன், விசரா. கிட்டப் போனவனுக்குத்தான் பேன் தெரியும். அருவருப்பு முடிஞ்ச பிறகு என்ன மிஞ்சுதோ, அதுக்குத்தான் நான் பாடுறன்.”

“அது முடியுமட்டும் நான் பட்டினியோ?”

நீ மடியிலிருந்து ஒரு வடையை எடுத்து நீட்டினாய். ஓடும்போது களவெடுத்தது. கோட்டு மயிர் ஒட்டியிருந்தது. தின்றேன்.

பேன் என்றதும் அந்தப் பாட்டுக்கு வரத்தான் வேண்டும்.

இடம்பெயர்ந்து கிடந்த முகாமில் தண்ணீர் இல்லாத நாட்கள். பவுசர் லொறி கொண்டுவந்தால்தான் குடிக்கவே தண்ணீர். பெண்களெல்லாம் தலையைக் கட்டையாக வெட்டிக்கொண்டார்கள். உன் மனுசி மாட்டேன் என்றுவிட்டாள். நீ தறப்பாள் கொட்டிலுக்கு வெளியே, ஊர் பார்க்க, அவளை முன்னால் இருத்திக் காலை முழுதும் பேன் எடுப்பாய். ஆம்பிளை பேன் பார்க்கிறான் என்று ஆட்கள் சிரிக்க வருவார்கள். முதலில் வந்து சிரித்தவன் நான். நீ நகத்தில் வைத்துக் குத்துகிற சத்தத்தைத் தாளமாக்கினாய். என் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தந்து அடிக்கச் சொன்னாய். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அடித்தேன்.

தண்ணிப் பவுசருக்கு வரிசையில நிண்டவளே
மூண்டு கிழமையாய்த் தலை தோயாமல் நிண்டவளே
உன்ர தலைப் பேனுக்கு ஆரடி வழி சொன்னது
என்ர தலை தேடியது ஊர்ந்து ஊர்ந்து வந்தது

மூன்றாம் நாள் சிரிக்க வந்தவர்கள் சேர்ந்து பாடினார்கள். எல்லாருடைய கையும் தலையில் இருந்தது.

அந்தப் பாட்டும் கல்வெட்டில் இருக்கிறது. எப்படி இருக்கிறது தெரியுமா?

தண்ணீர்த் துறைதனிலே தனியாக நின்றவளே
பன்னீரில் நீராடிப் பதமாக நின்றவளே
உன் கூந்தல் மல்லிகைக்கு யாரடி வழி சொன்னது
என் நெஞ்சம் தேடியது அசைந்து அசைந்து வந்தது

மல்லிகை அசைந்து அசைந்து வருகிறதாம். எந்தச் செடியில் கண்டார்கள் அதை.

சாப்பாட்டுக்கு முதல் அதிபர் அதைச் சபையில் எழுந்து ராகத்தோடு வாசித்தார். சனம் தலையாட்டியது. உன் மகன் கண்ணைத் துடைத்தான். குசினி வாசலில் நின்ற உன் மனுசி மட்டும் அப்படியே திரும்பி உள்ளே போனாள். அவளுக்கும் என்னைப் போலக் குமட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் இரண்டாம்தரம் பாயாசம் வாங்கிக் குடித்தேன்.

இனி ஒளிக்க முடியாது, மச்சான். அதிபரைத் திட்டுகிறேன், உன் மகனைத் திட்டுகிறேன், ஆனால் அந்த மல்லிகையை வைத்தது நான்.

நீ எழுதத் தெரியாதவன். பதிய நீட்டுகிற போனைக் கண்டால் பாட்டை நிறுத்திவிடுகிறவன். ஆகவே உன் பாட்டுகள் என் வாயிலும் உன் மனுசியின் வாயிலும்தான் மிச்சம். செத்தவீட்டுத் துடக்கில் இருந்தவளிடம் போய் ஒருவரும் கேட்கவில்லை. அதிபர் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். விறாந்தையில் கதிரை போட்டு, பக்கத்தில் மின்விசிறி வைத்து, ஆயுளில் முதற்தரம் ஒருவர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். இரண்டு வரி நன்றாகத்தான் போனது. அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி தட்டில் தேத்தண்ணீர் கொண்டு வந்தார். சலவைச் சீலை, தலையில் ஒரு மயிர் கலையவில்லை. கோப்பையை என்னிடம் நீட்டினார்.

“உன்ர தலை,” என்றுவிட்டு நான் நிறுத்தினேன்.

“தலையில என்ன?” என்றார் அதிபர்.

“பூ, சேர்.”

“என்ன பூ?”

“மல்லிகை, சேர்.”

அவ்வளவுதான். அந்த ஒரு பூவை வைத்து மிச்சத்தை அவர் கழுவி எடுத்தார். பன்னீரும் துறையும் அவருடையது. முதற் துளி சென்ட் என்னுடையது.

போன கிழமை உன் மனுசி ஆள் அனுப்பியிருந்தாள். போனேன். முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கல்வெட்டு அவள் கையில்.

“அண்ணை, இந்தப் பாட்டு ஆருக்குப் படிச்சது?”

“உனக்குத்தான், தங்கச்சி.”

“எனக்கு மல்லிகை ஒத்துவராது. கிட்ட வைச்சாலே தும்முவன். கலியாணத்தண்டும் கனகாம்பரம்தான் வைச்சனான். அது அந்தாளுக்குத் தெரியும்.”

நான் வழக்கம்போலப் பகிடி விட்டேன். “கிழவனுக்குக் கடைசியில மறதி வந்திருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை.

“ஊரூராய்ப் பாடப் போன மனுசன். நான் ஒரு நாளும் ஒண்டும் கேட்டதில்லை. இப்ப கேக்கிறன். எனக்குப் பேன், ஆரோ ஒருத்திக்குப் பூவோ? நீங்கள்தானே கூடத் திரிஞ்சனீங்கள். ஆரவள்?”

மச்சான், எனக்கு அப்போது வந்த அருவருப்புக்கு உன் கோட்டு நாற்றம் ஒன்றுமில்லை. அது என்மேல் வந்தது. நாற்பது வருசம் அவளுக்காக நீ சேர்த்ததை நான் ஒரு கோப்பை தேத்தண்ணீருக்கு வெட்கப்பட்டுத் தொலைத்துவிட்டேன். உனக்கு இல்லாத ஒருத்தியை, நீ செத்த பிறகு உன் வீட்டுக்குள் கொண்டுவந்து இருத்திவிட்டேன். உன்னால் எழும்பி வந்து இல்லையென்று சொல்லவும் முடியாது.

சொன்னேன். விறாந்தை, சலவைச் சீலை, தட்டு, எல்லாம். சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, நெல்லைப் பார்த்தேன்.

“பொய். சிநேகிதனைக் காப்பாத்தப் பாக்கிறீங்கள்.”

“சத்தியமாய், தங்கச்சி.”

“அப்ப பாட்டைப் படியுங்கோ. எல்லாத்தையும்.”

டொல்கி இல்லை. நெல் அள்ளுகிற கடகத்தைக் கவிழ்த்துத் தட்டினேன். தொண்டை கிழிய, தண்ணீர்ப் பவுசரிலிருந்து தொடங்கி, பேன், ஈர், நகத்துச் சத்தம், ஒன்றும் விடாமல் படித்தேன். வேலிக்கு அப்பால் யாரோ நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“முடிஞ்சுதோ?”

“ஓம்.”

“இல்லை.” கல்வெட்டை மடித்து இடுப்பில் செருகினாள். பாடவில்லை, பேசுகிற குரலில் சொன்னாள்.

ஆர் முந்திப் போனாலும் பேனுக்குச் சொல்லிவிடு
மற்றத் தலை இருக்குது, பட்டினி கிடக்காதே எண்டு

நான் எத்தனை வருசம் உன் பக்கத்தில் இருந்து அடித்தவன். இதை நீ ஒரு மேடையிலும் பாடியதில்லை.

“இது உங்களுக்கே தெரியாதெல்லோ, அண்ணை?”

“தெரியாது, தங்கச்சி.”

“அப்ப வேற ஒருத்திக்கும் தெரியாது,” என்றாள். பிறகு நெல்லுக்குள் இறங்கிக் காலால் துழாவத் தொடங்கினாள். இருந்துவிட்டு, “மத்தியானம் நிண்டு சாப்பிட்டிட்டுப் போங்கோ,” என்றாள்.

அன்றிலிருந்து சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனையோடு திரிகிறேன். கல்வெட்டு வாங்கிப் போன வீடுகளுக்குப் போய், அந்தப் பக்கத்தை விரித்து, மல்லிகையை வெட்டிப் பேன் என்று எழுதிவிட்டு வருகிறேன். செத்தவரின் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று கத்துகிறார்கள். துணுக்காயில் ஒரு கிழவர் தடியைத் தூக்கினார். உன் மகன் கனடாவிலிருந்து போன் எடுத்து, “மாமா, அம்மாவின்ர மானத்தை வாங்காதேங்கோ,” என்றான். கொம்மாவைக் கேள் என்று வைத்துவிட்டேன்.

நேற்று அதிபர் வீட்டுக்கும் போனேன். அதே கதிரை. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அவருடைய பிரதியை எடுத்து வெட்டினேன். அவர் கோபத்தில் எழுந்துவிட்டார்.

“என்ன அசிங்கம் இது? வீட்டில பொம்பிளையள் இருக்கினம்.”

அவருடைய மனைவி தேத்தண்ணீரோடு வந்தார். இந்தமுறை நான் நிறுத்தவில்லை. அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே, பேன் ஊர்ந்து வந்த வரி வரைக்கும் வாசித்தேன். அவர் தட்டை மெதுவாக வைத்தார். முகம் சுளித்துக்கொண்டுதான் இருந்தது.

“எனக்கும் முகாமில கிடந்தது,” என்றார். “சேர்தான் இருந்து எடுத்துவிட்டவர்.”

அதிபர் உள்ளே போய்விட்டார். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். சீனி போட அந்த அம்மா மறந்துபோனார்.

அந்தக் கடைசி இரண்டு வரியை மட்டும் நான் ஒரு புத்தகத்திலும் எழுதவில்லை. அது அவளுடையது. எனக்குள் சும்மா கிடக்கிறது, இடைக்கிடை கடிக்கிறது.