இடது கையின் கட்டைவிரல்

இயேசு மரி சூசை துணை

பாலோ,
1934 மே 3

அன்பு மகன் ஸ்டானிஸ்லாஸுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் உன் தங்கை வினிஃப்ரெட்டும் ஆண்டவர் கிருபையால் இருக்கிறோம். உன் சுகத்துக்கு எழுது என்று ஒவ்வொரு கடிதத்திலும் கை தன்னால் எழுதிவிடும், இந்த முறை அதை நிஜமாகவே கேட்கிறேன். இங்கே நான்கு நாளாக மழை, ரப்பர் பால்வெட்டு இல்லை, ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் கூட்டம். அம்மா உனக்கென்று ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், பினாங்குக்கு யாராவது வந்தால் கொடுத்தனுப்புவோம்.

பாஸ்கா திருநாளுக்கு நீ வந்தபோது, புறப்படுவதற்கு முதல் நாள், அம்மா காப்பி போட்டுக்கொண்டிருக்கையில் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு கனன்றபடி உருண்டு விழுந்தது. நீ பேச்சைக்கூட நிறுத்தாமல் இடது கையால் அதை எடுத்து உள்ளே போட்டாய். உதறவில்லை, ஊதவில்லை. அம்மா சிரித்தாள், நான் உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷமாக இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெசர் நான், சூடு தெரியாத விரல் என்றால் என் புத்தி வேறெங்கும் போகாது. போன வருஷம் நம் தோட்டத்து லெட்சுமணனை அப்படித்தான் கண்டுபிடித்தேன், சுருட்டு விரலைச் சுடுவது தெரியாமல் நின்றான். ஊசியால் தொட்டுப் பார்த்து, பெருவியாதி, குஷ்டம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன், லாரி வந்து முகாமுக்குக் கொண்டுபோய்விட்டது. அவன் பெண்சாதி கருப்பாயி இன்னும் வாரம் ஒருமுறை மருந்து ஜன்னலில் வந்து, "எப்பங்க ஐயா விடுவாங்க?" என்று கேட்கிறாள். மறுநாள் ஸ்டேஷனுக்கு நான் வந்தது உன் கையைப் பிடித்துப் பார்க்கத்தான். ரயில் வந்தது, நீ ஏறினாய், நான் பிடிக்கவில்லை. ஊரான் கை என்றால் பிடித்திருப்பேன். அன்றிலிருந்து மருந்தை இரண்டு முறை அளக்கிறேன்.

நேற்று தாங்க முடியாமல் அம்மாவிடம் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்ற வினிஃப்ரெட் ஓடி வந்து அழுதாள். "அப்பா, அண்ணனுக்கு ஒரு நோயும் இல்லப்பா, அவங்க கித்தார் வாசிக்கிறாங்க, கம்பிய அழுத்தி அழுத்தி விரலு காச்சுப்போச்சு, என்கிட்ட காட்டினாங்க, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாங்க" என்றாள். பிறகு எல்லாம் கேட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் மூவாரில் தோமஸ் மாமா வீட்டில் தங்கிப் படித்தபோது ஆற்றோரத்து உதுமான் பாய் டீக்கடையில் மலாய்க்காரர்கள் கித்தார் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு நின்றாயாம். தினமும் வந்து நிற்கிறானே என்று அவரே கடையில் தொங்கிய பழைய கித்தாரை இறக்கிக் கையில் கொடுத்தாராம். பினாங்கில் சொந்தமாக ஒன்று வாங்கியிருக்கிறாயாம். பதினோரு வயதில் உன் மவுத்தார்கனைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தவன் நான், பூசைப் பாட்டுக்கு மேல் பாட்டு வேண்டாம், கூத்தாடியாகிவிடுவாய் என்று திட்டினேன். அப்படிப்பட்டவனிடம் எப்படிச் சொல்வாய்?

நம்பத்தான் ஆசை. இடது கை நகத்தை மட்டும் ஒட்ட வெட்டியிருந்தாயே, ஒழுங்காக நகம் வெட்டத் தெரியாதா என்று கடிந்தேனே, அதுவும் கித்தாருக்காகத்தானாம். ஆனால் கம்பியை அழுத்துவது நான்கு விரல்தானாம், கட்டைவிரல் பின்னால் மரத்தை மட்டும் தாங்குமாம். காய்ப்பு நான்கில்தான் வரும், ஐந்தில் வராது. அன்று கரித்துண்டை நீ எந்த விரல்களால் எடுத்தாய்? "ரெண்டு விரலு இடுக்குல, பீடி புடிக்கிற மாதிரிதான் எடுத்தான்" என்கிறாள் அம்மா. நான் கண்ணை மூடினால் ஒருமுறை கட்டைவிரல் இருக்கிறது, ஒருமுறை இல்லை. ஆகையால் தம்பி, இதைப் படித்ததும் கூட இருப்பவர் யாரையாவது ஊசி முனையால் தொடச் சொல். நீ கண்ணை மூடிக்கொள். முதலில் கட்டைவிரல், பிறகு புறங்கை, பிறகு முழங்கை வரை. பார்த்துக்கொண்டே நீயாகக் குத்தாதே, பார்த்தால் வலிக்கிற மாதிரியே இருக்கும். லெட்சுமணனும் அன்று வலிக்குது வலிக்குது என்றுதான் சொன்னான். உடம்பில் எங்காவது நிறம் மங்கின படை இருந்தால் அதையும் எழுது, மறைக்காதே. அப்படி ஏதாவது என்றால் நீ அவனைப் போலத் தனியாக லாரி ஏற மாட்டாய். முகாமுக்கும் டிரெசர் வேண்டும், நானும் வந்துவிடுவேன், அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஒன்றும் இல்லையென்றால், அடுத்த லீவுக்குக் கித்தாரை மறைக்காமல் தோளில் மாட்டிக்கொண்டு பாலோ ஸ்டேஷனில் இறங்கு, நான் வாங்கிச் சுமந்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதே, மழையில் நனையாதே. மாதா உன்னைக் காக்கட்டும், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. இந்தக் கடிதத்தை எரித்துவிடு, ஆனால் பதிலை அன்றைக்கே தபாலில் போடு. நீளமாக வேண்டாம். கித்தாருக்காக உங்கள் பேச்சை மீறினேன், ஆறு வருஷம் உங்களை ஏமாற்றினேன் என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் முழங்காலில் இருக்கிறேன்.

உன் அப்பா,
மரியநாதன்