ஐஸ்மலை பார்க்கப் போகும் காரணம்

மார்ச் 12, வியாழன்

கனடா விசாவுக்குப் படிவம் நிரப்பித் தரும் கடைத் தம்பி, என்னிடம் கேட்காமலே பயணக் காரணம் 'மகளின் பிள்ளைப்பேறு' என்று எழுதிவிட்டார். கொழும்பில், எங்கள் வெள்ளவத்தைத் தாய்மார் எல்லோரும் அதற்குத்தானே போகிறார்கள்.

"வெட்டுங்கோ தம்பி. நானும் மகளும் கிழக்குக் கரையில ஐஸ்மலை மிதந்து வாறதைப் பாக்கப் போறம்."

"அன்ரி, இதை ஆர் நம்புவினம்?"

"விசா கிடைக்காட்டிப் பரவாயில்லை. வெட்டுங்கோ!"

கத்தியே விட்டேன். அவரில் என்ன பிழை? மகளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம். ஒவ்வொரு முறை கதைக்கும்போதும் "விசேசம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டு அவளை வதைத்தவள் நான்தானே.

பின்னேரம் அவள் போன் எடுத்தாள்.

"என்ன காரணம் எழுதினீங்களம்மா?"

"ஐஸ்மலை பாக்க எண்டுதான்."

 "படகில குளிரும். உங்களுக்குத் தடிச்ச சொக்ஸ் வாங்கி வைக்கிறன்" என்றாள்.

இன்று நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவள் போனை வைக்க மனமில்லாமல் கதைத்துக்கொண்டே இருந்தாள்.