வடுவை முன்னே திருப்பிய மேப்பிள்

அன்பு மகள் சுமியேவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே பனி உருகி ஓடை நிரம்பிவிட்டது, நாங்கள் இருவரும் நலம், பிரேசில் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். மூன்று வருடமாக உன் கடிதமெல்லாம் அம்மா பெயருக்கே வருகிறது. என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பது அவள் படித்து முடிக்கும்போது குரல் இறங்குவதிலேயே தெரிந்துவிடும். நீ கப்பலேறக் கிளம்பிய அன்று நான் பேருந்து நிறுத்தத்துக்கு வரவில்லை. "அப்பாவுக்கு என்னவிட மரந்தான் பெருசு" என்று சொல்லிவிட்டு நீ ஏறினாயாம்.

எனக்கு எதுவும் மறக்காது. அன்று மார்ச் ஒன்பது. முந்தின வருடம் தொட்டியில் குள்ள மரமாக வளர்க்க மலைப்பள்ளத்திலிருந்து ஒரு மேப்பிளைத் தோண்டி வந்தோமே, வேர்மண் உதிராமல் நீ கோணியைப் பிடித்துக்கொண்டாயே, நெட்டையாக நின்ற அதன் அடிமரத்தை ஒரு சாண் உயரத்தில் அறுத்தேன். மொட்டு பருத்துச் சாறு ஏறும் நேரத்தில் மேப்பிளில் ரம்பம் வைக்கக் கூடாதென்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குத் தெரியாதா? உன் பெட்டி வாசலைத் தாண்டுவதைப் பார்க்க முடியாமல் கைக்கு ஒரு வேலை தேடினேன், அவ்வளவுதான். சாறு நிற்காமல் வடிந்தது. களிமண்ணை அப்பிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், பேருந்தின் ஹாரன் கேட்டது, எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தோகுஜி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "யோவ் இவாசோ, மரம் வளக்கிறியா, வெந்நீருக்கு விறகு வெட்டுறியா?" என்றான். மே முடியும்வரை ஒரு மொட்டும் இல்லை. ஜூனில் வெட்டுக்குக் கீழே சிவப்பாக ஒன்று வந்தது. அதையே புதுத் தலையாக வளரவிட்டு, பட்டையில் தடம் விழாமல் காகிதம் சுற்றிய கம்பியால் வளைத்தேன், இப்போது கட்டைவிரல் பருமன். வெட்டின் ஓரத்தில் பட்டை உருண்டு மூடிக்கொண்டு வருகிறது, இன்னும் பத்து வருடத்தில் முழுக்க மூடிவிடும், சந்தேகமே வேண்டாம்.

வடுவைப் பின்னால் ஒளித்து நல்ல பக்கத்தை முன்னே வைப்பதுதான் நம் வழக்கம். நான் தொட்டியைத் திருப்பி, வடு வாசலைப் பார்க்க வைத்திருக்கிறேன். "என்னய்யா, உன் மரம் எல்லாருக்கும் முதுகக் காட்டுது?" என்று தோகுஜி சிரிக்கிறான், சிரிக்கட்டும். நீ வந்து பார்த்த பிறகுதான் திருப்புவேன். இதையெல்லாம் அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் என்னவாம் என்று அம்மா பேனாவை நிறுத்திக் கேட்கிறாள், அதையும் எழுது என்றேன்.

உப்பில் ஊறிய உமே பழம் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறோம், குழந்தையை மதிய வெயிலில் தூக்கிப் போகாதே. நீ கோணி பிடித்த மரம் வேரூன்றிவிட்டது, நீயும் அந்த மண்ணில் ஊன்றி நிற்பாய், மூவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த கடிதத்தின் உறையில் என் பெயரை எழுது. எனக்குப் படிக்க வராது, ஆனால் என் பெயரின் முதல் எழுத்து தெரியும், மேலே மலைக்கான குறி, கீழே கல்லுக்கான குறி. தபால்காரர் கையில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன்.

உன் அப்பா
இவாசோ