சோற்று மூட்டை

எழுமலை,
11 செப்டம்பர் 1938

கர்த்தருக்குள் பிரியமான எப்சிபாள் அக்காவுக்குத் தம்பி மாசிலாமணி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது.

நான் சுகம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். ஜெபத்தை நம்பாத நீங்கள் இந்த வரியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய டப்பா பத்திரமாக வந்தது. பஸ் டிரைவர் நல்லகாமன் அண்ணன் அதைத் தன் காலடியில் வைத்து ஓட்டி வந்தாராம். பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் மாதக் கடைசி வரை காணும். உங்களுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறவில்லை. என் கையால் பொங்கிய சோறு, காய்ச்சி ஆற வைத்த தண்ணீர். வேறெதையும் வாயில் வைப்பதில்லை. குடற்காய்ச்சலில் நான் கிடந்தபோது கட்டிலருகே நீங்கள் உட்கார்ந்திருந்த முகம் மறக்கவில்லை.

ஒரு யோசனை கேட்கவே இந்தக் கடிதம். போன வாரம் போதகர் ஐயா வந்திருந்தார். நான் இந்த ஊருக்கு உபதேசியாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது, ஒருவரும் சபையில் சேரவில்லை. கேட்கிற ஊருக்குத்தான் இனி ஆள் வைக்க முடியும் என்று கமிட்டியில் சொல்கிறார்களாம். “வேதத்தில் சொல்கிற சமாதான பாத்திரன் இருக்கிற வீடு என்று ஒரு வீட்டையாவது தை பிறப்பதற்குள் சொல்லு, மாசிலாமணி. ஞானஸ்நானம் இப்போதே வேண்டாம். மனம் திறந்த ஒரு வீடு போதும். இல்லாவிட்டால் மதுரைக்கு வந்து பழையபடி அச்சுக்கூடத்தில் உட்கார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

யாருடைய மனம் திறந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது, அக்கா? பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பாடம் ஏறியதா இல்லையா என்று சொல்லிவிடுகிறவர் நீங்கள்.

என் மனதில் ஒருவர் உண்டு. காளை என்று பெயர், ஐம்பது வயது, பருத்தி விவசாயி. மாலைக் கூட்டத்தில் முதல் ஆளாக உட்கார்வார். நான் எதைச் சொன்னாலும், “ஐயா சொல்றது அம்புட்டும் சத்தியம்” என்பார். அதற்கு நேர்மாறாக எதிர்வீட்டு ஒச்சாயி. புருஷன் இல்லை. நாலு ஆடும் கொஞ்சம் நிலமும் வைத்துத் தனியாகப் பிழைக்கிறாள். கூட்டத்துக்கு வரமாட்டாள். தன் வாசலில் உட்கார்ந்து பருத்திக்கொட்டை எடுத்துக்கொண்டே என்னைக் கேலி செய்வாள். அந்த வீடு அடைத்த வீடு.

உங்கள் அன்புத் தம்பி,
மாசிலாமணி


கோரிப்பாளையம், மதுரை,
19 செப்டம்பர் 1938

அன்புள்ள தம்பி மாசிலாமணிக்கு,

கண்ணாடியைத் துடைத்தது உண்மைதான்.

யோசனை சொல்வதற்கு முன் என் கட்சியைச் சொல்லிவிடுவது நியாயம். பின்னறைக்கு வெள்ளையடித்திருக்கிறேன். அச்சுக்கூடத்து மேனேஜர் வழியில் பார்த்தபோது, “தம்பி வந்தால் இடம் இருக்கிறது” என்றார். அடுத்த ஆவணியில் எனக்கு ஐம்பது. பள்ளியிலிருந்து வந்து விளக்கேற்றியதும் இந்த வீட்டில் பேச ஆளில்லை. ஆகவே நீ தோற்றுத் திரும்புவதில் எனக்கு லாபம் உண்டு. நான் சொல்வதில் அந்த அளவைக் கழித்துக்கொண்டு மீதியை எடுத்துக்கொள்.

ஒருவர் மனதில் கடவுள் வேலை செய்கிறாரா என்று கண்டுபிடிக்கும் வழி எனக்குத் தெரியாது. அப்படி ஒரு வழி இருப்பதாகவும் நான் நம்பவில்லை. ஆனால் தலையாட்டுகிறவர்களைப் பற்றித் தெரியும். என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பெண்கள், பாடம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஆட்டுகிறவர்கள். புரிந்துகொள்கிறவள் நடுவில் முகத்தைச் சுளிப்பாள். உன் காளை ஒரு தடவையாவது முகம் சுளித்திருக்கிறாரா?

சந்தேகமாக இருந்தால், அவருக்குக் கொஞ்சம் சிரமம் தரக்கூடிய எதையாவது கேட்டுப் பார். அவர் வீட்டிலேயே கூட்டம் வைக்கலாமா என்று கேள்.

மழைக்காலம் வருகிறது. தண்ணீரை நன்றாகக் கொதிக்க வை. சுக்கு அனுப்புகிறேன்.

அக்கா,
எப்சிபாள்


எழுமலை,
27 அக்டோபர் 1938

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே கேட்டேன். “கூட்டமா? நம்ம வீட்லயா? வச்சிருவோம்யா, அதுக்கென்ன” என்றார் காளை. நான் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். கதவில் பூட்டுத் தொங்கியது. குடும்பத்தோடு உசிலம்பட்டிக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் அவரே வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “தப்பா நெனைக்காதீங்கய்யா. நம்ம ஊரை நம்பி வந்த மனுசன். நீங்க கேக்குறப்ப மாட்டேம்னு எப்படிச் சொல்றது? மனசு நோகக்கூடாதுன்னுதேன் சரின்னேன்” என்றார்.

“இத்தனை நாளாகக் கூட்டத்தில் சத்தியம் சத்தியம் என்றதும் அதற்காகத்தானா?” என்று கேட்டேன்.

“ஆமாய்யா. நீங்க ஒத்த ஆளா நின்னு தொண்டை வறளக் கத்துறீங்க. ஒருத்தராச்சும் ஆமான்னு சொல்ல வேணாமா?”

அக்கா, எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இரண்டு வருஷமாக அவர் என்னிடம் காட்டியது இரக்கம். நான் அதை விசுவாசம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் ஒச்சாயி வேறு. நேற்று பஸ்ஸிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வருகிறேன். தெருவில் நாலு பெண்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி, “என்ன உபதேசியாரே, மதுரையில இருந்து சோத்து மூட்டை வந்துருச்சா? உங்க சாமி எங்க தெருவுக்கு வாரப்பவும் இப்படித்தேன் கட்டுச்சோறோட வருவாரா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். ஆண்டவரைச் சொல்கிறாள்.

ஏற்றுக்கொள்ளாத ஊரை விட்டுப் புறப்படும்போது காலில் ஒட்டிய தூசியை உதறிவிட வேதத்தில் சொல்லியிருக்கிறது. உதறிவிடலாம் என்றே தோன்றுகிறது. போதகர் ஐயாவுக்கு எழுதிவிடட்டுமா? வெள்ளையடித்த அறை என் நினைவில் இருக்கிறது.

தம்பி,
மாசிலாமணி


கோரிப்பாளையம்,
8 நவம்பர் 1938

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு பதில் எழுதினேன். முதலாவது சிறியது: “புறப்பட்டு வா.” அதை உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபாலில் சேர்க்கவில்லை. இது இரண்டாவது.

இப்போது நோன்பு மாதம். பக்கத்து வீட்டு மெஹருன்னிசா தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்து அனுப்புகிறாள். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், “எதுக்கும்மா சிரமம், வீட்டில் இருக்கிறது” என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது வாங்கிக் குடிக்கிறேன். ஊர்க் கதையும் சேர்ந்து வருகிறது. நேற்றுக் கஞ்சியை வாங்கும்போது உன் ஒச்சாயியின் நினைவு வந்தது. உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

அவள் கேலி செய்தது உன் ஆண்டவரை அல்ல, தம்பி. என் டப்பாவை.

சோறு போட நினைக்காதவளுக்கு நீ எங்கே சாப்பிடுகிறாய் என்பது பற்றி என்ன கவலை? ஊரில் மற்றவர்கள் யாரும் அதைப் பேசவில்லை. அவளுக்கு மட்டும் அது உறுத்துகிறது. அவள் எப்போதாவது உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டாளா? நன்றாக யோசித்துப் பார். கூப்பிட்டிருப்பாள். நீ, “வேண்டாம்மா, என்னிடம் இருக்கிறது” என்றிருப்பாய், மிகவும் மரியாதையாக.

உன் ஆண்டவர் தம் சீடர் எழுபது பேரை ஊர் ஊராக அனுப்பும் இடத்தை வேதத்தில் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பகுதியை வேதபாட வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிறவள் நான். சமாதான பாத்திரனைத் தேடச் சொல்வதும் அங்கேதான் இருக்கிறது. அதற்குச் சற்று முன் பை கொண்டுபோக வேண்டாம் என்றிருக்கிறது. பிந்திய வரிகளில், அவர்கள் வைப்பதைச் சாப்பிடு என்று இரண்டு தடவை இருக்கிறது. யார் வீடு திறக்கும் என்பதற்கு அங்கே வேறு அடையாளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. அவர்கள் சாமிக்குப் படைத்த சோறாக இருந்தால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். விசாரிக்காமல் சாப்பிடு என்று உங்கள் அப்போஸ்தலரே எழுதியிருக்கிறார்.

நான் நம்பிக்கை உள்ளவளாகப் பேசவில்லை. எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவளாகப் பேசுகிறேன்.

இந்த மாதம் டப்பா வராது. அடுத்த மாதமும் வராது. நீ செய்த சத்தியத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதை எழுதப் பயமாகத்தான் இருக்கிறது. குடற்காய்ச்சலை நினைத்து மட்டும் அல்ல. டப்பா நின்றால் நீ அங்கேயே இருந்துவிடுவாய் என்பதும் எனக்குத் தெரியும்.

அக்கா,
எப்சிபாள்


எழுமலை,
16 டிசம்பர் 1938

என் பிரியமான அக்காவுக்கு,

முதலில் உங்களுக்கு வேண்டிய செய்தி. வயிறு நன்றாக இருக்கிறது. முதல் நாள் கொஞ்சம் இரைந்தது, அவ்வளவுதான்.

கூப்பிட்டிருக்கிறாள், அக்கா. நான் வந்த முதல் வாரமே கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். நீங்கள் ஊகித்து எழுதிய வாக்கியத்தை அப்படியே, எழுத்துப் பிசகாமல், நான் அன்றைக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

உங்கள் கடிதம் வந்த பிறகு மனம் துணியச் சில நாள் ஆயிற்று. பிறகு ஒரு மத்தியானம் அவள் வாசலில் போய் நின்றேன். “இன்னைக்கு எங்கிட்டச் சோறு இல்ல” என்றேன்.

“ஏன், மதுரை பஸ்ஸு கவுந்துருச்சா?”

“இல்ல. அக்கா இனிமே அனுப்ப மாட்டாங்க.”

“அக்கா தம்பிக்குள்ள சண்டையா?”

“இல்ல. உங்க வீட்ல சாப்பிடச் சொல்லிட்டாங்க.”

கையிலிருந்த பருத்தியைக் கீழே வைத்தாள். “உக்காருங்க” என்றாள். சோளச் சோறும் மொச்சைக் குழம்பும். நான் முதல் கவளத்தை விழுங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். “ரெண்டு வருசமா நாங்க என்னமோ வெசத்தை வச்சிருக்கம்னு நெனச்சீகளா? இல்ல, எங்க சட்டி உங்களுக்கு ஆகாதா?” என்று கேட்டாள்.

காய்ச்சலில் கிடந்ததையும் உங்களுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தையும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அட, கூறுகெட்ட மனுசா! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? தண்ணியக் காச்சிக் குடுத்திருப்பேன்ல!” அன்றிலிருந்து எனக்கென்று ஒரு செம்பில் காய்ச்சிய தண்ணீர் தனியாக வைக்கிறாள். அன்று சாயங்காலம் காளையும் வந்து எட்டிப் பார்த்தார். “அப்ப நாளைக்கு நம்ம வீட்ல” என்றார். இந்தத் தடவை கதவு திறந்தே இருந்தது.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். இரண்டாம் தடவை அவள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒச்சாயி கேட்டாள்: “அந்த ரெண்டு மகன் கதையில எனக்கு ஒரு சந்தேகம். எளையவன் ஓடிப்போயிட்டுத் திரும்பி வந்துர்றான், அப்பன் விருந்து வக்கிறாரு. வீட்டோட கெடந்து உழைச்ச மூத்தவன் கோவிச்சுக்கிட்டு வெளியவே நிக்கிறான். அப்பன் வந்து கூப்பிடுறாரு. அவன் உள்ள போனானா, இல்லையா? நீங்க எப்பப் பாத்தாலும் அதைச் சொல்லாமலே முடிச்சிர்றீக.”

இரண்டு வருஷமாக அவள் தன் வாசலில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், அக்கா. “தெரியாது. அதுல சொல்லல” என்றேன்.

“தெரியாதுன்னு சொல்ற உபதேசியாரை இப்பத்தேன் பாக்குறேன்” என்று சிரித்தாள்.

அவள் ஞானஸ்நானம் கேட்கவில்லை. கேட்பாளா என்பதும் தெரியாது. அவள் வீட்டு மாடத்தில் அவள் சாமிக்கு விளக்கு எரிகிறது. போதகர் ஐயாவுக்கு இவை எல்லாவற்றையும் எழுதி, சமாதான பாத்திரன் இருக்கிற வீடு என்று அவள் வீட்டையே குறிப்பிட்டேன். இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிப் பதில் வந்துவிட்டது.

உங்கள் பின்னறை காலியாகவே இருக்கும். மன்னியுங்கள். போன தடவை வந்த டப்பாவை நல்லகாமன் அண்ணனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருப்பது நான் வைத்தது அல்ல.

தம்பி,
மாசிலாமணி


கோரிப்பாளையம்,
4 ஜனவரி 1939

அன்புள்ள தம்பிக்கு,

டப்பா வந்தது. கழுத்து வரை காய்ந்த மொச்சை. மேலே ஒரு துணியில் முடிந்து கொஞ்சம் கருவாடு. மெஹருன்னிசா வாசனையை வைத்தே கண்டுபிடித்து, குழம்பு எப்படி வைப்பது என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே சொல்லிக் கொடுத்தாள். வேதத்தில் எழுதியிருக்கிறபடியே, முன்னால் வைத்ததைச் சாப்பிட்டேன். காரம் அதிகம். நன்றாக இருந்தது.

ஒச்சாயியின் கேள்வியைச் சில நாளாக யோசிக்கிறேன். அவளுக்குச் சொல்ல உன்னிடம் பதில் இல்லாதது நல்லது. எதையாவது புனைந்து சொல்லிவிடாதே. மூத்தவர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அவர்கள் கோபத்தால் மட்டும் வெளியே நிற்பதில்லை. வீட்டுக் கணக்கெல்லாம் அவர்கள் தலையில்தான் இருக்கும். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும்போது, இது உண்மைதானா என்று யாராவது ஒருவர் வெளியே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியே நின்று பழகிவிடும்.

நீ உன் ஊரில் ஒவ்வொருவராகப் பார்த்துத் திறந்த வீடு, அடைத்த வீடு என்று பிரித்துக்கொண்டிருந்தாய். என்னை எதில் வைத்திருக்கிறாய் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நீ சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதும் சொல்ல வேண்டாம்.

பொங்கலுக்குப் பள்ளி விடுமுறை. சனிக்கிழமை நல்லகாமனின் பஸ்ஸில் புறப்பட்டு வருகிறேன். ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டு, நீ அந்தக் கதையைச் சொல்வதையும் கேட்டுவிட்டுத் திரும்புவேன். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்காதே. உனக்கு ஆகிற சட்டி எனக்கும் ஆகும் என்று ஒச்சாயியிடம் சொல். தண்ணீரை மட்டும் இன்னும் ஒரு செம்பு சேர்த்துக் காய்ச்சச் சொல்.

டப்பாவை இங்கேயே வைத்துவிட்டு வருகிறேன்.

அக்கா,
எப்சிபாள்