துண்டுக்குள் பேசிய பேரம்

இன்று காலை உன் தைலப் புட்டி உடைந்துவிட்டது. பீரோவின் அடித்தட்டில் பூச்சி உருண்டை போடக் குனிந்தேன்; முழங்கை பட்டது; போயிற்று. பாதிக்கு மேல் இருந்த தைலம் தரையில் ஓடி, கூடம் முழுக்க உன் வாசனை. மல்லிகை, மஞ்சள் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். உள்ளதைச் சொன்னால், கடைசி நாலு வருஷம் உன் வாசனை இந்தத் தைலம்தான். துடைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாய். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, "இனிமே வீட்டோட வெச்சுப் பாத்துக்குங்க. தைலம் தேச்சுக் கையைக் காலை ஆட்டி விடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். காந்தி மார்க்கெட் தீவனக் கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டேன். புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் மண்ணச்சநல்லூர் மில் தவிடும் அவர் பொறுப்பு. நீ என் பொறுப்பு.

"மொதலாளி, ஒரு பொம்பளை ஆளு வெச்சுக்கலாம்ல?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"என் சரக்கை நான்தான்யா எறக்குவேன்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவனுக்கு உன்னைத் தூக்குவது பெரிய காரியமில்லை. படுத்திருப்பவளுக்குச் சேலை கட்டிவிடுவதுதான் பெரும்பாடு. கயிறு திரிக்கத் தெரிந்தவனுக்குப் பின்னல் வராதா என்று துணிந்தேன். வந்தது, மாட்டுக் கயிறு மாதிரியே வந்தது. கண்ணாடியைக் காட்டினேன். உதட்டின் இடது பக்கம் மட்டும் சிரித்தாய்.

பேச்சுதான் தகராறு. தண்ணீர் வேண்டுமா என்றாலும் தலையாட்டுவாய், வேண்டாமா என்றாலும் தலையாட்டுவாய். எனக்குக் கோபம் வரும். உனக்குக் கண்ணீர் வரும். பார்க்க வந்தவர்கள் உன் முகத்துக்கு நேராகவே, "பாவம், என்ன சொல்லுதுன்னே புரியலையே" என்பார்கள். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாய்.

ஒரு நாள் எத்தனை இட்லி என்று கேட்டபோது, இடது கையால் என் இரண்டு விரலைப் பற்றி அழுத்தினாய். அந்த அழுத்து எனக்குத் தெரிந்த அழுத்து. கடை வைப்பதற்கு முன்னால் மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகு பார்த்த கையல்லவா இது! அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டோம். இரண்டு கைக்கும் மேலே துண்டைப் போட்டு, உள்ளே விரல் பிடிப்போம். பிடித்த விரல்தான் விலை. மடக்கினால் பாதி. உதறினால் கட்டாது. கையை இறுக்கிப் பிடித்தால் முடிந்தது. சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு ஆடுவது தெரியும், அவ்வளவுதான்.

விளையாட்டாகத்தான் தோளிலிருந்த துண்டை எடுத்து நம் கைமேல் போட்டேன். நாலு இட்லி என்று உன் நாலு விரலைப் பிடித்தேன். உதறினாய். என் இரண்டைப் பிடித்தாய். நான் மூன்றுக்கு வந்தேன். நீ இரண்டைப் பிடித்து, மூன்றாவதை மடக்கினாய். இரண்டரை இட்லியில் முடிந்தது. சந்தைப் பக்கமே வராதவள், தரகனோடு பேரம் பேசி ஜெயித்துவிட்டாய். அதன் பிறகு கஞ்சி, மாத்திரை, ஜன்னல், ரேடியோ எல்லாமே துண்டுக்குள்தான்.

அந்த வருஷமே நம் பெரியவன் மெட்ராசிலிருந்து மருமகளோடு வந்து இறங்கினான். உன்னைக் கூட்டிப்போக டாக்ஸி வரைக்கும் பேசிவிட்டுத்தான் வந்திருந்தான்.

"போதும்ப்பா, உங்க ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? அங்க நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க" என்றான்.

"இங்க என்ன கொறைச்சல்?"

"ஆறு மாசம் வெச்சிருந்து பாக்குறோம்."

"ஒரு மாசம். அதுக்கு மேல பேசாத."

"மூணு மாசமாவது விடுங்கப்பா."

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். நீ சுவர்ப்பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில், நான் ஒரு பசுவை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் பெருமையோடு வந்தபோது நீ கேட்டது காதில் விழுந்தது: "வாங்குறவன் பேசினான், விக்கிறவன் பேசினீங்க. மாட்டை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" அன்றைக்குச் சிரித்தேன். இந்தத் தடவை, "நிறுத்துடா" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்தேன்.

பெரியவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னப்பா இது, கூத்து?"

"சும்மா நில்லு. யாவாரம் நடக்குது."

உன் பதில் எனக்கு முன்பே தெரியும் என்ற தெம்பில் கேட்டேன்: "மெட்ராஸ்னா ஒரு விரலு. இங்கதான்னா ரெண்டு."

நீ உதறினாய்.

துண்டை இழுத்துச் சரிசெய்தேன். மறுபடி கேட்டேன். மறுபடியும் உதறல். ஆனால் கையை வெளியே எடுக்கவில்லை. சந்தையில் பேரம் முறிந்தால் கையை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். கை உள்ளேயே இருக்கிறது என்றால் விலை ஒத்துக்கொண்டாயிற்று, நிபந்தனையில்தான் இடிக்கிறது என்று அர்த்தம். இங்கே இருக்கச் சம்மதம், இருக்கிற விதத்தில்தான் சம்மதமில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"கஞ்சி புடிக்கலையா?" உதறல். "டாக்டரை மாத்தணுமா?" உதறல்.

"மாமா, அத்தைக்குக் கை வலிக்கப் போவுது" என்றாள் மருமகள்.

உன் கை துண்டுக்குள்ளேயே ஊர்ந்து என் இடுப்புக்கு வந்தது. கடையை விட்டுவிட்டாலும் பெல்ட்டிலிருந்து சாவியை மட்டும் நான் கழற்றவில்லை. அதைப் பிடித்து இழுத்தாய்.

"கடைக்குப் போகச் சொல்றியா?"

இறுக்கிப் பிடித்தாய்.

"நான் போயிட்டா உன்னை யாரு குளிப்பாட்டுறது?"

மருமகளைப் பார்த்தாய். அவள் முகத்தை, வளையலை, அவள் ஒழுங்காக மடித்துக் கட்டியிருந்த சேலையை. "பொம்பளை ஆளா?" என்றேன். இன்னும் இறுக்கினாய். என் சரக்கை நான்தான் இறக்குவேன் என்று ஊரெல்லாம் சொன்னேனே, உனக்குக் கூச்சமாக இருக்குமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வருத்தப்பட அப்போது நேரமில்லை. பேரம் இன்னும் பாதியில் இருந்தது. மிச்சத்தையும் பேசினோம். நீ இறங்கினாய், நான் ஏறினேன். அவர்கள் நம் முகத்தை மட்டும்தான் பார்த்தார்கள். நடுவில் நீ சிரித்தாய், மருமகளும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டேன். "அம்மா வரல. டாக்ஸிக்காரனை அனுப்பிடு."

"என்னதான்ப்பா சொன்னாங்க?"

"துண்டுக்குள்ள நடந்ததை மூணாவது ஆளு கேக்கக் கூடாது."

அவன் உன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்றான்.

உன்னைக் குளிப்பாட்டி உடுத்திவிட மேலப்புதூரிலிருந்து ஆரோக்கியமேரி வந்தாள். உனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். "ஐயா, இது பின்னலா, மூங்கில் தட்டியா?" என்று வந்த அன்றே என் மானத்தை வாங்கினாள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் பாலம் தாண்டிக் கடைக்குப் போய் வர ஆரம்பித்தேன். புண்ணாக்கு விலை, எடையில் எவன் ஏமாற்றப் பார்த்தான், பஸ்ஸில் கண்டக்டருக்கும் கீரைக்காரிக்கும் நடந்த சண்டை எல்லாம் வந்து சொல்வேன். கண்ணை விரித்துக் கேட்பாய். நாள் முழுக்க உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது உனக்குச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? "தண்ணி வேணுமா", அதை விட்டால் "மாத்திரை போட்டியா".

நீ போன பிறகு பெரியவன் என்னையும் மெட்ராசுக்குக் கூப்பிடுகிறான். போன தீபாவளிக்கு வந்தபோதுகூட, "அன்னிக்கு அம்மா உங்ககிட்ட என்னதான்ப்பா பேசினாங்க?" என்று கேட்டான். சொல்லவில்லை. வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் நான் கல்லாவை விட்டு எழுவதைப் பார்த்து மார்க்கெட்டில், "வீட்ல யாரு காத்துக்கிட்டு இருக்கா, இம்புட்டு அவசரம்?" என்கிறார்கள். அவர்களுக்கும் சொல்வதில்லை. ஒரு தரப்பு போய்விட்டது என்பதற்காக ஒத்துக்கொண்டதை மாற்றுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. குளிப்பாட்ட ஆள் தேவைப்படவில்லை. மற்றதெல்லாம் அப்படியே நடக்கிறது.

நாம் முடித்தது இதுதான். நீ இந்த ஸ்ரீரங்கத்து வீட்டை விட்டு எங்கும் வர மாட்டாய். குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் ஒரு பெண். காலையில் நான் கடைக்குப் போக வேண்டும். நீ ஐந்து மணி நேரம் கேட்டாய், நான் இரண்டில் நின்றேன், மூன்றரையில் முடிந்தது. மதியச் சோறு மட்டும் என் கையால்தான், அதில் பேரமே இல்லை என்றேன். அதற்கு நீ இரண்டு விரலைப் பிடித்தாய். இரண்டு கரண்டியா என்றேன், உதறினாய். இரண்டு வேளையா என்றேன், அதற்கும் உதறினாய். பிறகு, உனக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தை நின்றபடியே விழுங்கி ஒட்டிப்போயிருந்த என் வயிற்றில் விரலால் குத்தினாய். சரி என்று உன் கையை இறுக்கினேன். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரே நேரத்தில், உட்கார்ந்து, இரண்டு தட்டு.