மகனோடு ஒரு சுற்று

ஈசூன்
சிங்கப்பூர், 12.8.2025

அன்புள்ள சுசீலாவுக்கு,

நலம்தானே? நான் இருக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது என்று நீதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். தாளில் நீ குறுக்கே பேச முடியாது.

ஐம்பத்தைந்து வயதில் ஐஸ் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறேன். சனிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு. கூடப் படிப்பவர்களுக்கு இன்னும் பால்பல் விழவில்லை. சொல்லிக்கொடுக்கும் பெண் ஷமீமா முதல் நாளே, "நிக்கிறதெல்லாம் அப்புறம் அங்கிள். முதல்ல அழகா விழக் கத்துக்குங்க லா" என்றாள். முப்பது வருடம் இயற்பியல் நடத்திய எனக்கு அவள் உராய்வு பற்றி விளக்குகிறாள்.

நம் பதின்மூன்று வயது ரித்திக்கை என்னிடமிருந்து பிரித்து நீ கனடாவுக்குக் கொண்டுபோக இதில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். கோபத்தோடு போனேன். பதினொரு வருடமாகியும் அது ஆறவில்லை.

ஆனால் சுவரை விட்டு நகரும்போதெல்லாம் எனக்குப் பின்னால் ஒரு பிளேடு கீறுகிறது. நான் நின்றால், ஒரு கணம் கழித்து அதுவும் நிற்கிறது. திரும்பிப் பார்த்து விழுகிறேன். "பின்னால யாருமே இல்ல அங்கிள், ஏன் பாத்துக்கிட்டே இருக்கீங்க?" என்கிறாள் ஷமீமா.

கீழ்வீட்டு ஜலாலுதீனை நினைவிருக்கிறதா? ரித்திக் அறையில் தாவிப் பழகும்போது, "மேல என்ன, யானை வளக்குறீங்களா?" என்று கேட்பாரே, அவர்தான். போன மாதம் லிஃப்டில் பார்த்தபோது, "தம்பி ஊருக்கு வந்துட்டாரா சார்? மறுபடியும் குதிக்கிற சத்தம் கேக்குதே" என்றார். வரவில்லை என்றேன். என்றைக்குக் கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை.

டிசம்பரில் அங்கே வர நினைக்கிறேன். அவனோடு பனித்தளத்தில் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று போக வேண்டும். அவனிடம் கேட்டுச் சொல்.

ரமணன்

•

கால்கரி
3.9.2025

ரித்திக் அப்பாவுக்கு,

வணக்கம். எஸ்கலேட்டரில் கைப்பிடியை விடாத மனிதர் பனியில் நிற்கிறார் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். மன்னியுங்கள்.

நான் அவனைப் பிரிக்கவில்லை. "அந்த மினுமினுப்புச் சட்டையோட என் வாசப்படி மிதிக்காத" என்று அவன் ஸ்கேட்டிங் உடையைப் பார்த்துச் சொன்னது நீங்கள். அதை நீங்கள் ஒருபோதும் எழுத மாட்டீர்கள், அதனால் நான் எழுதிவைக்கிறேன்.

உயிரோடு இருப்பவனை ஆவியாக்காதீர்கள். அவன் இங்கே குழந்தைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான். என்னிடம் மட்டும் தேவைக்கு மேல் பேசுவதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். தேசிய சேவைக்கு, அந்தக் கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, பதியச் சொல்லி அவனுக்கு ஈசூன் முகவரிக்கு வரவேண்டிய கடிதம் வரவே இல்லை. இரண்டு முறை உங்களைக் கேட்டேன், ஒன்றும் வரவில்லை என்றீர்கள். நானாவது விசாரித்திருக்க வேண்டும். கெடு போய்விட்டது. இப்போது சாங்கி விமான நிலையத்தில் இறங்கினால் கைது செய்வார்கள். 'அம்மா மறந்ததால்தான் எனக்கு ஊர் இல்லாமல் போனது' என்று ஏழு வருடமாகச் சொல்கிறான். என் தவறுதானே, கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் வருவதைச் சொன்னேன். "அப்பாவா? ஐஸ் மேலயா? சும்மா சொல்லாதம்மா!" என்றான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். இந்த வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வெகுகாலமாகிறது. "வரட்டும். விழாம நான் கையப் புடிச்சுக்கிறேன்" என்றான்.

வாருங்கள். உங்களிடம் இருக்கும் ஸ்வெட்டர் இந்தக் குளிருக்குப் போதாது.

சுசீலா

•

ஈசூன்
20.9.2025

அன்புள்ள சுசீலாவுக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். தேக்கா சந்தையில் அவனுக்குப் பிடித்த அச்சுமுறுக்கும் சொல்லிவைத்தேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 'கையப் புடிச்சுக்கிறேன்' என்ற வரியைத் தாண்டி மட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

கடிதம் வந்தது சுசீலா. ஒன்றல்ல, மூன்று.

நீ கேட்ட இரண்டு முறையும் அவை என் கையில் இருந்தன. கடிதம் வராமலே கெடு நெருங்கினால் பயந்துபோய் இருவரும் ஓடி வருவீர்கள், வந்தால் சீருடை போட்டு ஆண்பிள்ளையாக வெளியே வருவான் என்று கணக்குப் போட்டேன். கெடு போனபின் அதே பயம் ஒரு மனிதனை எதிர்த்திசையிலும் ஓடவைக்கும் என்பது படித்தவனான எனக்குத் தோன்றவில்லை. விஷயம் கைமீறியபின் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் உன்னைக் குற்றம் சொல்கிறான் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

மூன்றும் அவன் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஜலாலுதீன் கேட்ட நாளிலிருந்து அந்த அறைக் கதவை நான் திறக்கவில்லை.

இதை அவனிடம் படித்துக் காட்டு. ஒரு வரியையும் விடாதே. கேட்டபிறகும் நான் வரலாமா என்று அவனே சொல்லட்டும்.

ரமணன்

•

கால்கரி
14.10.2025

ரமணனுக்கு,

படித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை.

அவன் தாளை வாங்கி, மடித்து, உறைக்குள் வைத்தான். அடுப்படிக்குப் போய் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டான். "ஏம்மா நீ சண்டையே போடல? நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தியே" என்றான். எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தோம். நான் அழவில்லை. அவன்தான் அழுதான்.

அந்த மூன்று கடிதங்களையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் எனக்கு எழுதியதையே ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்திட்டு அவற்றோடு வையுங்கள். அதை வைத்து ஏதாவது செய்யமுடியுமா என்று சிங்கப்பூர் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டிருக்கிறோம். வழி பிறந்து அவன் ஊருக்கு வந்தாலும் ஈசூன் வீட்டுக்கு வரமாட்டான்.

நீங்கள் இங்கே வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னான்.

உங்கள் காலளவு அவனுக்கு நினைவிருந்திருக்கிறது. நான் சொல்லவில்லை. போன மாதமே ஒரு ஜோடி ஸ்கேட்ஸ் கொண்டுவந்து, பிளேடு தீட்டி, புது லேஸ் கோத்து வாசலில் வைத்திருந்தான். இன்று காலை வேலைக்குப் போகும்போது அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். மாலையில் வெறுங்கையோடு வந்தான்.

சுசீலா