மழையைக் குடித்த கீழ்க்காடு

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முட்டி வலியும் சுகமாகத்தான் இருக்கிறது, போகவே மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். பிள்ளைக்குச் சளி விட்டதா? விடவில்லையென்றால் டாக்டரிடம் மறுபடி காட்டு, தானாகப் போகும் என்று இருந்துவிடாதே.

போனில் நான் சரியாகவே பேசவில்லை என்று கோபித்துக்கொண்டாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், என்னத்தைப் பேச? நம் கீழ்க்காட்டு நிலத்தின் மேல்மண்ணை அள்ளிக்கொள்ளச் சொல்லி செங்கல் சூளைக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். விளையாத மண்ண வச்சுக்கிட்டு என்ன பண்ண, செங்கலாவாவது போகட்டும் என்கிறார். மேல்மண் போனால் நம் காலத்தில் அங்கே புல்கூட முளைக்காது என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். கெஞ்சிக் கூத்தாடி இந்த ஒரு போகத்தை மட்டும் என் இஷ்டத்துக்கு வாங்கினேன். நம் தெருப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து புது முறையில் பயிர் வைக்கிறோமே, அதுதான். உழக் கூடாது, அறுத்த சோளத்தட்டையைக் கொளுத்தக் கூடாது, அதையே நிலத்துக்குப் போர்வையாகப் பரப்பி, நடுவில் குழி போட்டு மக்காச்சோளத்தையும் பயறையும் சேர்த்து ஊன்ற வேண்டும். அப்பாவுக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. இது காடா, குப்பமேடா என்று போகும்போதும் வரும்போதும் ஒரே புலம்பல்.

உனக்குத்தான் தெரியுமே, வாசலைவிட வயல் சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு. அந்த நேரம் பார்த்து உன் பெரிய அத்தை வருகிறேன் என்று சொல்லிவிட்டார். தன் அக்கா வாய்க்கு யார் பதில் சொல்வது என்று, நான் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, ரோட்டோரமாக ஒரு பட்டை நிலம் முழுக்க முளைத்த பயறோடு தட்டையை வாரிக் கொளுத்தி, டிராக்டர் விட்டு உழுது, தலைவாரிய மாதிரி ஆக்கிவைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாடு மட்டும் போட்டேன், பேச்சு கிடையாது.

அத்தை வந்த அன்று மத்தியானம் பிடித்தது பார் மழை, அடேயப்பா! காட்டைப் பார்க்கப் போன மூன்று பேரும் மோட்டார் கொட்டகையில் ஒதுங்கினோம். அப்பா உழுத பட்டையில் தண்ணீர் நின்று, கலங்கி, மண்ணைக் கரைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடுகிறது. ஓரடி தள்ளி, தட்டை மூடிய இடத்திலிருந்து ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அவ்வளவு மழையும் எங்கே போகிறது என்று எங்களுக்கு விளங்கவேயில்லை. நம்பித்தான் செய்தேன், ஆனாலும் இப்படிக் கண்ணெதிரே பார்ப்பேன் என்று நினைக்கவேயில்லை. உன் அத்தையே குறை சொல்ல வந்ததை மறந்து எட்டி எட்டிப் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்.

அப்பா நனைந்துகொண்டே இறங்கிப் போய்த் தட்டையை விலக்கிக் கையை விட்டார். கடப்பாரை இறங்காத மண்ணில் மணிக்கட்டு வரை இறங்கியது. ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தார். பொலபொலவென்று, உள்ளே மண்புழு நெளிகிறது. இங்க வந்து பாரேன், உசுரோட இருக்கு என்றார், குரலே அவர் குரலாக இல்லை. பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் புரண்டவர், இப்போதுதான் அதை முதன்முதலில் பார்ப்பவர் மாதிரி நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனாலும் கொடுத்த வாக்கை மாற்றுகிற ஆளா அவர்? அதுதான் என் பயம். போகம் முடியும்வரைகூடப் பொறுக்காமல், மழை ஓய்ந்து தரை காய்ந்ததும் சூளைக்காரர் லாரியோடு வந்து நின்றார். நான் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அப்பா அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசி, ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். அப்புறம், தப்பா நெனச்சுக்காதீங்க, மண்ணு இப்பத்தான் வேலையில எறங்கியிருக்கு, அனுப்ப முடியாது என்றார். சூளைக்காரர் முழித்த முழி இருக்கிறதே! நான் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குளிரில் பிள்ளையை வெளியே விடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடு நன்றாக இருங்கள். முக்கியமான ஒன்று, அப்பா போன் செய்தால் காட்டைப் பற்றி நீயாகவே கேள். தட்டையைப் பரப்பியது எல்லாம் தன் யோசனை என்றுதான் சொல்வார். சிரித்துவிடாதே, ஆமாம்ப்பா என்று கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா